அளவும் வழுவும்

நம் கல்லூரி யூபிலி விழாக் காணும் இந்நன்னாளில் மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தனர். தமிழாசிரியர் எழுதுவதாயின் இலக்கியச் சுவையைப் பற்றியோ கல்லூரியின் பழம்பெருமையைப் பற்றியோ எழுதுவர் என்பதே யாவரும் எதிர்பார்ப்பது. யாமும் அவ்வாறே எண்ணித் தாளும் பேனையும் எடுத்து அமர்ந்தோம். ஆயினும் சென்ற தவணையில் நம் மண்டபத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி மனத்தைவிட்டு அகலாது நின்று, வேறொரு பொருளைப் பற்றி எழுதுமாறு எம்மைத் தூண்டிற்று. அப்பொருள் அணுக்கருவைப் பற்றியது. விஞ்ஞானப் பட்டம் எமக்கில்லை. பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரமே எம்மிடம் உள்ளது. ஆதலின் ஈண்டுக் கூறப்படும் விஞ்ஞானச் செய்திகளை நூல்களிற் கற்றும், உடன் பணிபுரியும் விஞ்ஞான ஆசிரியர்களை வினாவியும் அறிந்துகொண்டோம். அபிப்பிராயங்கள் மட்டும் எம்முடையவை.

நிகழ்ச்சி இதுவே. மேலைநாட்டு ஆய்வுகூடம் ஒன்றிற் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். மேல்வகுப்பு மாணவர்க்கு அவர் சில வார்த்தை கூறவேண்டும் என்று அதிபர் கேட்டுக்கொண்டார். துணிக்கைகளைப் பெருவேகத்திற் செலுத்தும் ஆர்முடுக்கி என்னும் பொறியைப் பற்றியும், அதனைக் கொண்டு வைத்தியத்துக்குதவும் கதிர்த்தொழிற்பாட்டுச் சமதானிகளை ஆக்குவது பற்றியும் அவர் அரைமணி நேரம் எளிய தமிழிற் பேசினார். பேச்சு முடிந்ததும் விஞ்ஞானப் பிரிவு மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, இத்தனை காலத்தில் தாங்கள் கண்டுபிடித்தது யாது?” என்று வினாவினான். அவர் சிறிது நேரம் சிந்தித்து, “ஒரு வளைகோடு, தம்பி. அதிலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வளவு வழு என்ற கணக்கு. மூன்று வருட வேலை அவ்வளவே” என்றார். மண்டபத்தில் மெல்லிய சிரிப்பொலி எழுந்தது. எமக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவன், “இதற்கோ மூன்று வருடம்?” என்று தன் தோழனின் காதிற் கூறியதும் எம் செவியில் விழுந்தது.

அந்த மாணவனைக் குறைகூற யாம் முன்வரோம். கண்டுபிடிப்பே விஞ்ஞானம் என்று அவனுக்குக் கற்பித்தவர் நாமே. கண்டுபிடித்தவரின் படங்களைச் சுவரில் மாட்டுகின்றோம். அளந்தவரின் படங்களை மாட்டுவதில்லை. ஆயின், அளப்பவர் இல்லாவிடத்துக் கண்டுபிடித்தவரின் பொருள் நோயாளியின் படுக்கையைச் சென்றடையாது. அளத்தலும், அளந்ததன் வழுவை ஒளியாது கூறுதலும் விஞ்ஞானத்தின் ஒழுக்கம். அவ்வொழுக்கத்தை நம் பாடசாலைகள் கற்பிப்பதில்லை. சில வேளைகளில் அதற்கு மாறானதையே கற்பிக்கின்றன. இதுவே யாம் இங்குக் கூற விழைவது.

அணுக்கருவை மனிதன் தன் முயற்சியால் மாற்றத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேலாயிற்று. 1919 ஆம் ஆண்டில் இரதபோட்டு என்னும் பேரறிஞர், நைதரசன் வாயுவில் அல்பாத் துணிக்கைகள் மோதும்போது புரோத்தன்கள் வெளிப்படுவதை அறிவித்தார். அவர் கையாண்டவை இயற்கைக் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள்கள் தாமே உமிழ்ந்த துணிக்கைகள். அவற்றின் தொகையும் குறைவு. வேகத்தை வேண்டியவாறு மாற்றவும் இயலாது. எனவே துணிக்கைகளைத் தாமே முடுக்கிவிடும் பொறியொன்றை அமைக்க அறிஞர் முயன்றனர். 1932 ஆம் ஆண்டில் கேம்பிறிட்ஜ் நகரில், கவெண்டிஷ் ஆய்வுகூடத்தில், யோன் கொக்றொவ்ற், ஏணஸ்ற் வோல்ற்றன் என்னும் இருவர் பல இலட்சம் வோற்று அழுத்தத்தாற் புரோத்தன்களை முடுக்கி இலிதியம் என்னும் உலோகத்தின்மேற் செலுத்தினர். இலிதியக் கரு இரண்டாய்ப் பிளந்து இரு அல்பாத் துணிக்கைகளாயிற்று. குறைந்த திணிவுக்கும் வெளிப்பட்ட சக்திக்கும் இடையில் ஐன்ஸ்ரைன் கூறிய தொடர்பு பொருந்துவதும் அவ்வளவைகளால் தெளிவாயிற்று.

அதே காலத்தில் அமெரிக்காவில், கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி நகரில், ஏணஸ்ற் லோறன்ஸ் என்பவர் வேறொரு வழியைக் கண்டார். பெருமழுத்தம் ஒன்றை ஒரே முறையிற் கொடாது, சிறு உந்தல்களைப் பன்முறை கொடுத்தல் அவ்வழி. ஊஞ்சலாடும் சிறுவனைத் தக்க தருணம் பார்த்து ஒவ்வொரு முறையும் மெல்லத் தள்ள, ஊஞ்சல் மேன்மேலும் உயர்வதன்றோ? அதுபோலக் காந்தப்புலத்தில் வட்டமாய்ச் சுழலும் துணிக்கைக்கு ஒவ்வொரு அரைச்சுற்றிலும் ஓர் உந்தல் கிடைக்கும். சைக்கிளோத்திரன் எனப்படும் அப்பொறி 1931 இல் முதன்முதல் இயங்கியபோது ஏறக்குறைய பதினொரு சென்ரிமீற்றர் விட்டமே உடையதாயிருந்தது. அதனினும் பெரியவை விரைவிலே தோன்றின. லோறன்சுக்கு 1939 இல் நோபல் பரிசும் கிடைத்தது.

இத்துணைச் சிறந்த பொறியை வைத்திருந்த அக்குழுவினர் இழந்த கண்டுபிடிப்பு ஒன்றுண்டு. மாணவர் யாவரும் அறிந்திருக்க வேண்டிய கதை அது. 1934 இன் தொடக்கத்தில் பாரிஸ் நகரில் ஐரீன் கியூரியும் அவர் கணவர் பிரெடெரிக் யோலியோவும் அலுமினியத் தகட்டின்மேல் அல்பாத் துணிக்கைகளைப் படச் செய்தனர். துணிக்கைகளின் ஊற்றை அப்பால் எடுத்த பின்னரும் அத்தகடு தொடர்ந்து கதிர் வீசுவதை அவர்தம் எண்ணி காட்டிற்று. இயற்கையில் இல்லாத கதிர்த்தொழிற்பாட்டுப் பொசுபரசு அங்கே பிறந்திருந்தது. செயற்கைக் கதிர்த்தொழிற்பாட்டின் தோற்றம் அதுவே. அதற்காக 1935 இல் இருவர்க்கும் இரசாயனத்துக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இச்செய்தி பேர்க்கிலியை எட்டியபோது அங்குள்ளோர் திகைத்தனர். அவர்தம் சைக்கிளோத்திரன் அதற்கு முன்னரே அத்தகைய பொருள்களை ஆக்கிக்கொண்டிருந்தது. ஆனாற் சைக்கிளோத்திரனும் கைகர் எண்ணியும் ஒரே ஆளியில் இணைக்கப்பட்டிருந்தன. பொறியை நிறுத்தும்போதெல்லாம் எண்ணியும் நின்றுவிட்டது. இணைப்பை மாற்றிவிட்டுக் கேட்டபோது, நின்ற பொறியின் அருகில் எண்ணி ஒலித்தது.

பொறி பெரிதாயிருந்தும் பயனில்லை, அளவி உறங்கிற்று. எம் அபிப்பிராயத்தில் இக்கதையின் பொருள் இதுவே.

இனிச் சமதானி என்னுஞ் சொல்லைச் சிறிது நோக்குவோம். ஒரு மூலகத்தின் அணுக்கள் யாவும் ஒரே இரசாயனக் குணமுடையனவாயினும் அவற்றின் கருக்களில் நியூத்திரன்களின் தொகை வேறுபடலாம். இவ்வாறு வேறுபட்டவை ஆவர்த்தன அட்டவணையில் ஒரே இடத்தில் வைக்கப்படுவன. அது பற்றி, மார்கரெட் ரொட் என்னும் மருத்துவப் பெண்மணி கூறிய ஆலோசனையை ஏற்று, பிரெடெரிக் சொடி 1913 இல் கிரேக்க மொழியில் ‘ஒரே இடம்’ எனப் பொருள்படும் பெயரை அவற்றுக்கு இட்டார். நம் நாட்டிற் கலைச்சொல்லாக்கம் செய்த பெரியோர் அப்பொருளை உணர்ந்து, சமமாகிய தானத்தில் உள்ளது என்னுங் கருத்திற் சமதானி என்றனர். சொல்லே பாடத்தைக் கற்பிக்கின்றது. ஒரே தானத்தில் இருப்பவற்றை இரசாயன முறையாற் பிரித்தெடுத்தல் இயலாது. எந்தச் சமதானி எவ்வளவு பிறக்கும் என்பதை முன்னரே அளந்து அறிந்து, வேண்டாதது பிறவாதவாறு செய்தலே வழி.

அளப்பது எதனை? இருளில் நின்று மாமரத்துக்குக் கல்லெறிகின்றோம் என வைத்துக்கொள்வோம். எத்தனை கல்லுக்கு ஒரு காய் விழும் என்பது காய்களின் பருமனையும் செறிவையும் பொறுத்தது. விழுந்த காய்களை எண்ணியே, இருளிற் காணாத காயின் பரப்பை மதிப்பிடலாம். புரோத்தன்கள் கருக்களைச் சந்திப்பதும் இவ்வாறே. ஒரு கரு எத்துணைப் பரப்புள்ள இலக்காய்த் தோன்றுகின்றது என்பதையே குறுக்குவெட்டு என்பர். இது கருவின் உண்மையான பருமன் ஆகாது. அத்தாக்கம் நிகழும் வாய்ப்பின் அளவு. புரோத்தனின் சக்தி மாற இதுவும் மாறும்: ஒரு சக்தியிற் பூச்சியமாயிருப்பது சிறிது மேற்செல்ல உயர்ந்து, உச்சியடைந்து, பின்னர் தாழும். நம் பழைய மாணவர் கூறிய வளைகோடு இதுவே. இதற்குரிய அலகு ஒரு சதுர சென்ரிமீற்றரை, ஒன்றின் பின் 24 பூச்சியங்கள் கொண்ட எண்ணாற் பிரிக்கக் கிடைப்பது. 1942 இல் அமெரிக்காவின் பேர்டியூப் பல்கலைக்கழகத்தில் ஹொலோவே, பேக்கர் என்னும் இருவர் அதற்குப் பண்ணைக் களஞ்சியத்தைக் குறிக்கும் பாண் என்னும் பெயரை வேடிக்கையாக இட்டனர். கருவின் உலகில் அத்துணைச் சிறு பரப்பும் ஒரு களஞ்சியம் போலப் பெரிதே என்பது கருத்து. நம்மவர் செவிக்கு அப்பெயர் காலையுணவை நினைவூட்டும். அதனால் மாணவர் அதனை மறவார்.

அளக்கும் முறையையும் அவர் விளக்கினார். தாளினும் மெல்லிய உலோகத் தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாய் அடுக்கி, அவ்வடுக்கின்மேற் புரோத்தன் கற்றையைச் செலுத்துவர். ஒவ்வொரு தகட்டையும் ஊடுருவும்போது புரோத்தன் தன் சக்தியிற் சிறிதை இழக்கும். ஆகவே முதற்றகடு மிகுந்த சக்தியையும் கடைசித் தகடு குறைந்த சக்தியையும் காணும். ஒரே அடுக்கால் வளைகோட்டின் பல புள்ளிகள் கிடைக்கும். பின்னர் ஒவ்வொரு தகட்டையும் தனித்தனி எடுத்து, குளிர்விக்கப்பட்ட ஜேர்மானிய உணரியின் முன் வைத்து, அது வீசும் காமாக் கதிர்களை எண்ணுவர். தகட்டின் தடிப்பு எவ்வளவு? அதன்மேற் பட்ட புரோத்தன்கள் எத்தனை? உணரி நூற்றில் எத்தனை கதிரைப் பிடிக்கின்றது? பிறந்த சமதானியின் அரைவாழ்வு யாது? இவ்வினா ஒவ்வொன்றின் விடையிலும் ஒரு சிறு ஐயம் உண்டு. ஐயங்கள் யாவும் கூடி இறுதி எண்ணின் வழுவாகின்றன. மிகக் கவனமாய்ச் செய்தவிடத்தும் அது பெரும்பாலும் நூற்றுக்குப் பத்தை ஒட்டியிருக்கும் என்றார்.

தம்மையே தாம் சோதிக்கும் வழியும் அவர்களிடம் உண்டு. குறுக்குவெட்டு நன்கு நிறுவப்பட்ட செப்பு, தைத்தேனியம் முதலிய உலோகங்களின் தகடுகளையும் அடுக்கின் இடையிடையே வைப்பர். அத்தகடுகள் தரும் விடை முன்னர் நிறுவப்பட்டதோடு ஒவ்வாதாயின், தம் அளவையில் எங்கோ தவறுண்டு என்று உணர்ந்து மீண்டும் தொடங்குவர்.

“இத்தனை நுணுக்கம் எதற்கு?” என்பார்க்கு ஓர் உதாரணம் கூறுவோம். தைரொயிட்டுச் சுரப்பியைப் படம்பிடித்தற்கு அயடீன்-123 மிகச் சிறந்தது. அதன் அரைவாழ்வு 13 மணி; வேலையை முடித்து விரைவில் மறையும். இதனை ஆக்கும் வழிகளுள் ஒன்று, தெலூரியம்-124 என்பதன்மேற் புரோத்தனைச் செலுத்துதல். தாக்கத்தில் இரண்டு நியூத்திரன் வெளியேறினால் அயடீன்-123 பிறக்கும். ஒன்றே வெளியேறினால் அயடீன்-124 பிறக்கும். பின்னதன் அரைவாழ்வு நான்கு நாளுக்கு மேற்பட்டது; நோயாளிக்கு வேண்டாத கதிரைக் கொடுத்துப் படத்தையும் மங்கச் செய்யும். இரண்டும் அயடீனே, ஒரே தானத்தன. இரசாயனம் பிரியாது. ஆனால் இரு தாக்கங்களின் வளைகோடுகளும் வெவ்வேறு சக்தியில் உச்சியடைவன. அவற்றை அளந்தவர்கள், புரோத்தன் 26 மெகா இலத்திரன்வோற்றுச் சக்தியுடன் இலக்கினுட் புகுந்து 23 உடன் வெளியேறுமாயின் மாசு மிகக் குறையும் என்று கண்டனர். அப்போதும் நூற்றுக்கு ஒன்றளவு மாசு எஞ்சவே செய்யும்.

அவ்வொன்றும் ஒன்றாகவே நில்லாது. 26 மணி கழியின் அயடீன்-123 நாலிலொன்றாய்க் குறைந்துவிடும். அயடீன்-124 ஆறிலொன்றளவே குறையும். ஆகவே மாசின் விகிதம் மும்மடங்குக்கு மேலாய் ஏறிவிடும். காலையில் ஆக்கிய மருந்தை மறுநாட்பகலிற் கொடுக்கலாமா என்ற வினாவுக்கு விடையளிப்பது அந்த வளைகோடே. பின்வரிசையிலிருந்து “இதற்கோ மூன்று வருடம்?” என்று கேட்ட தம்பி, கட்டிலிற் படுத்திருப்பவர் தன் தாயெனின் அவ்வாறு கேட்பானோ?

இன்றும் இவ்வழக்குத் தீரவில்லை. புற்றுநோயை உள்ளிருந்தே தாக்கும் அக்டினியம்-225 என்பதை மருத்துவ உலகம் பெரிதும் விரும்புகின்றது. அதன் அரைவாழ்வு ஏறக்குறைய 10 நாள். தோரியத்தின்மேல் உயர்சக்திப் புரோத்தனைச் செலுத்தி அதனை மிகுதியாய் ஆக்கலாம். ஆனால் அக்டினியம்-227 உம் சிறிதளவு உடன்பிறக்கும். அதன் அரைவாழ்வோ ஏறக்குறைய 22 ஆண்டு. இங்கும் உடன்பிறந்ததை இரசாயனம் பிரியாது. எவ்வளவு உடன்பிறக்கும் என்பதை அளந்தே வழியின் நன்மை தீமையை நிறுக்கவேண்டும்.

இவ்விடத்தில் எம் துறைக்கு வருவோம். விஞ்ஞானத்தில் அளவையின் நிச்சயமின்மைக்கு நம் நாட்டுப் பாடநூல்கள் இட்ட பெயர் வழு. இது இலக்கணத்திலிருந்து எடுத்த சொல். திணை, பால், இடம் முதலியன பிறழ்வதை வழு என்றும், பிறழாது நிற்பதை வழாநிலை என்றும் நம் இலக்கண நூலார் வகுத்தனர். அத்தோடு அவர்கள் நின்றாரல்லர். வழுவாயிருந்தும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவதை வழுவமைதி என்று மூன்றாவதாகவும் வகுத்தனர். பசுவை உவப்பினால் ‘என் அம்மை வந்தாள்’ என்று ஒருவன் அழைத்தால் அது திணைவழுவே. காரணம் வெளிப்படையாதலின் அமைதி பெற்றது.

விஞ்ஞானியின் வழுவும் இவ்வாறே அமைதி பெறுகின்றது. அளவை எதுவும் முற்றிலும் வழாநிலையாய் இருத்தல் மனிதர்க்கு அரிது. ஆயின், இவ்வளவு வழு, இக்காரணத்தால் வந்தது என்று வெளிப்படக் கூறியவிடத்து அவ்வளவை பிறர்க்குப் பயன்படும். கூறாது மறைத்தவிடத்து அது வெறுந் தவறாய் நிற்கும். தவறு வேறு, வழு வேறு என்னும் இவ்வேற்றுமையை மாணவர்க்கு முதலில் உணர்த்துதல் வேண்டும்.

மறைத்தலின் கேட்டை உலகம் அனுபவத்தில் அறிந்துகொண்டது. பல நாடுகளின் ஆய்வுகூடங்கள் ஒரே தாக்கத்தை அளந்து தந்த எண்கள் ஒன்றோடொன்று ஒவ்வாதிருந்தன. மருந்து ஆக்குவோர் எதனை நம்புவது? வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகவராண்மை 1995 இல் இதற்கென ஒரு கூட்டுமுயற்சியைத் தொடங்கிற்று. வெளிவந்த அளவைகளைத் திரட்டி, அளந்த முறைகளை ஆராய்ந்து, வேண்டியவிடத்துப் புதிதாய் அளந்து, ஏற்கத்தக்க வளைகோடுகளை 2001 இல் நூலாக வெளியிட்டனர். ஏட்டுச் சுவடிகள் பலவற்றைப் பாடவேறுபாடு நோக்கி ஒப்பிட்டுச் செம்பதிப்பு வெளியிட்ட நம் பதிப்பாசிரியர்களின் உழைப்பையே அது எமக்கு நினைவூட்டுகின்றது. எச்சுவடியில் எப்பாடம் இருந்தது என்று குறிப்பிடாத பதிப்பு எப்படி ஐயத்துக்குரியதோ, அப்படியே வழுவைக் குறிப்பிடாத அளவையும் ஐயத்துக்குரியது.

இனி எம் குற்றமொன்றை ஒப்புக்கொள்ளுவோம். யாம் உயர்தர வகுப்பில் முதலிற் பயின்றது விஞ்ஞானப் பிரிவிலே. 1995 ஆம் ஆண்டின் முற்பகுதி அது. யாழ்ப்பாணத்தை மின்சாரம் விட்டு நீங்கி ஐந்தாண்டாகியிருந்தது. மின்கலமும் கிடையாத காலம். ஆய்வுகூடத்தில் மின்சாரம் வேண்டாத பரிசோதனைகளே நடைபெறும். அவற்றுள் ஒன்று ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு ஆர்முடுகலைக் காணுதல். ஊசற்குண்டு இல்லாமையால் உருண்டைக் கல்லொன்றைக் கயிற்றிற் கட்டித் தொங்கவிட்டோம். கயிற்றின் நீளம் ஒரு மீற்றர். இருபது அலைவுக்கு எமக்குக் கிடைத்தது 41 செக்கன். கணித்துப் பார்த்தால் விடை 9.4. புத்தகத்திலோ 9.8. யாம் 41 ஐ அழித்து 40.2 என்று எழுதினோம். எம்முடன் நின்ற நண்பர் தாம் கண்ட 40.7 ஐயே எழுதி, 9.5 என்று விடை கொடுத்தார். எமக்குப் பத்துக்கு ஒன்பது புள்ளி கிடைத்தது, அவர்க்கு ஐந்து.

பல்லாண்டு கழித்து, ஆசிரியராகிய பின்னரே, ஒரு விஞ்ஞான ஆசிரியருடன் பேசிக்கொண்டிருந்தபோது உண்மை புலப்பட்டது. யாம் கயிற்றை முடிச்சு வரையே அளந்திருந்தோம். கல்லின் நடுவரை அளந்திருக்க வேண்டும். கல்லின் பாதி உயரம் இரண்டரைச் சென்ரிமீற்றர் என்று கொண்டு கணிக்க, இருபது அலைவுக்கு 40.6 செக்கன் வருகின்றது. நண்பர் எழுதிய எண் ஏறக்குறைய சரியே. அந்த எண்ணினுள் கல்லின் பருமன் ஒளிந்திருந்தது. அதனை யாரேனும் நின்று நோக்கியிருப்பின் தவறு எங்கே என்பது அன்றே வெளிப்பட்டிருக்கும். யாம் அழித்த எண்ணோ எதனையுங் கற்பியாது மறைந்தது. பேர்க்கிலியில் எண்ணியை ஆளி நிறுத்திற்று. எம்மிடத்தில் அழிறப்பர் நிறுத்திற்று. அவ்வாண்டு ஐப்பசி இடப்பெயர்வின் பின் அந்நண்பரை யாம் காணவில்லை. அவர் இம்மலரைப் படிக்க நேருமாயின், அன்று அவர்க்கே பத்துப் புள்ளியும் உரியன என்று கூறிக்கொள்கின்றோம்.

புள்ளியிட்ட ஆசிரியரையும் யாம் பழியோம். விடையை நோக்கிப் புள்ளியிடுதல் அன்றைய வழக்கம். இன்றைய வழக்கமும் அதுவே. கடந்த ஆண்டு ஆய்வுகூடத்திற் பதில் ஆசிரியராய் நின்றபோது, மாணவர் ஒருவர் முதலில் விடையை எழுதிவிட்டு, அதற்கேற்ற வாசிப்புக்களைப் பின்னர் நிரப்புவதைக் கண்டோம். ஏன் என்று கேட்டதற்கு, “இப்படித்தான் எல்லாரும் செய்கிறவை, சேர்” என்றார். அவர் பொய்யரல்லர், நற்குணமுள்ள பிள்ளை. நாம் வைத்த பரீட்சைக்கு அவர் தம்மைப் பொருத்திக்கொண்டார், அவ்வளவே.

இதற்கு மறுப்பாக இரண்டு கூறப்படலாம். ஒன்று, ஆர்முடுக்கி பணக்கார நாடுகளின் பொறி. நமக்கு அது பற்றி என்ன கவலை என்பது. நம் நாட்டு வைத்தியசாலைகளிலும் தைரொயிட்டு நோயாளர்க்குக் கதிர்த்தொழிற்பாட்டு அயடீன் கொடுக்கப்படுகின்றது. அந்த அயடீன்-131 இந்நாளில் அணுவுலைகளில் ஆக்கப்படினும், முதன்முதல் இனங்காணப்பட்டது 1938 இல் பேர்க்கிலிச் சைக்கிளோத்திரன் ஆக்கிய பொருளிலே. குப்பியின்மேல் எழுதிய எண்ணை நம்பியே நம் வைத்தியர் அதனைக் கொடுக்கின்றனர். அந்நம்பிக்கை யாரோ ஒருவர் அழிறப்பரைக் கையிலெடாதிருந்ததன் பயன். அத்தகையோரை ஆக்குதற்கு ஆர்முடுக்கி வேண்டியதில்லை. கயிறும் கல்லும் போதும். மற்றொன்று, பொதுப் பரீட்சை மாறாதவரை நாம் மட்டும் மாறுவது எவ்வாறு என்பது. பொதுப் பரீட்சை நம் கையில் இல்லை. நம் ஆய்வுகூடக் கொப்பியின் புள்ளி நம் கையில் உண்டு.

யூபிலி நினைவாகக் கல்லூரிக்கு யாது செய்யலாம் என்று பழைய மாணவர் சங்கத்தார் ஆலோசித்து வருகின்றனர். வாயில் வளைவு என்பர் சிலர். வகுப்பறை தோறும் திரைப்பலகை என்பர் வேறு சிலர். இரண்டையும் யாம் வெறுப்பவரல்லேம். ஆயினும் எம் விண்ணப்பம் மூன்றாவதொன்று. நல்ல தராசுகள், நேரமானிகள், நீளமானிகள், இரண்டொரு கைகர் எண்ணிகள் ஆகியவற்றை வாங்கித் தாருங்கள். கைகர் எண்ணியை மேசையில் வைத்தால், மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் வரும் இயற்கைக் கதிர்களை அது எண்ணும். ஒரு நிமிடத்தில் வரும் எண் மறு நிமிடத்தில் வாராது. யாரும் தவறிழையாதபோதும் எண் மாறும் என்பதை மாணவர் கண்ணாற் காண்பர். 100 எண்ணினால் அதன் வழு 10. 10,000 எண்ணினால் வழு 100, அதாவது நூற்றுக்கு ஒன்று. பொறுமையாய் நெடுநேரம் எண்ணுபவனுக்கு வழு குறையும் என்பதை இதைவிடத் தெளிவாய்க் கற்பிப்பது யாது?

ஆசிரியர்களிடம் வேண்டுவது: வாசிப்புக்களை மையாலே எழுதச் செய்யுங்கள், பிழைபட்டதை அழியாது ஒற்றைக்கோட்டால் வெட்டச் செய்யுங்கள், விடைக்குப் பாதிப் புள்ளியும் வழுவையும் அதன் காரணத்தையும் எடுத்துரைத்ததற்கு மறுபாதியும் கொடுங்கள். அவ்வுரையைத் தெளிந்த தமிழில் எழுதப் பயிற்றுதல் எம்போன்ற தமிழாசிரியர் கடன். ஆய்வுகூடக் கொப்பிகளை விஞ்ஞான ஆசிரியருடன் அமர்ந்து பார்வையிட யாம் ஆயத்தமாயுள்ளோம். தான் கண்டதைக் கண்டவாறே எழுதுதலினும் சிறந்த உரைநடைப் பயிற்சி வேறில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களுட் சிலர் நாளை பெரும் பொறிகளின் முன் நிற்பீர்கள். வேறு சிலர் மருந்துக் குப்பியையோ கணக்கேட்டையோ நில அளவையாளரின் சங்கிலியையோ கையிலெடுப்பீர்கள். எங்கு நிற்பினும், நீங்கள் எழுதும் எண்ணை முகமறியாத ஒருவர் நம்பப் போகின்றார். மூன்று வருடம் உழைத்து ஒரு வளைகோட்டையும் அதன் வழுவையும் கொணர்ந்த நம் பழைய மாணவரைக் கண்டு மண்டபம் சிரித்தது. அடுத்த முறை அவர் வரும்போது, “வழு எவ்வளவு, ஐயா? எவ்வாறு அறிந்தீர்கள்?” என்று ஒருவனேனும் எழுந்து கேட்பானாயின், இக்கல்லூரி தன் பணியைச் செய்கின்றது என்று யாம் மகிழ்வோம்.

வாழ்க நம் கல்லூரி.